துர்சுன் பேசாத குரல்

சாவுக்காக முற்றத்தில் போட்ட வட்டக் கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்த ஒவ்வொருத்தியும் முதலில் ஜிபாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முழங்காலாலேயே நகர்ந்து வந்து புருலின் தோளைப் பிடித்தாள். பிடித்த கை சற்றுக் காத்திருந்தது. புருலிடமிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்ததும் மெல்ல விலகி அடுத்தவளிடம் போனது.

காலையிலிருந்து இதேதான். வாசலுக்கு முதுகைக் காட்டி, கம்பளிச் சுவரைப் பார்த்தபடி வீட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இடது பக்கத்துத் திரைக்குப் பின்னால் புருலின் தம்பி துர்சுன் உயிரில்லாமல் கிடந்தான். அதனால் உள்ளே அடுப்பு மூட்டவில்லை. பேசினால் வாயிலிருந்து ஆவி பறந்தது. அவன் பெண்டாட்டி ஜிபாருக்கு ஒப்பாரி நன்றாக வரும். அவள் பிறந்த வீட்டில் எல்லோருக்குமே வரும். என் வெள்ளைப் பருந்தே என்றாள். காற்றை முந்திய சாம்பல் குதிரையே என்றாள். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் அந்தந்த இடத்தில் சேர்ந்து விம்மினார்கள்.

புருலும் முயன்று பார்த்தாள். பருந்து என்ற சொல் நாக்கு வரை வந்தது. உடனே பால் வண்டியிலிருந்து ஒரு காலை முதலில் தொங்கவிட்டு, தரை எங்கே இருக்கிறது என்று துழாவி, அப்புறம் தொப்பையோடு இறங்குகிற துர்சுன் கண் முன்னால் வந்தான். குதிரையைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பவன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒரே வயித்துல ஒண்ணாக் கெடந்தவ. கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

"பாவம், நெஞ்சடைச்சுப் போச்சு" என்றாள் இன்னொருத்தி. முதலில் பேசியவளுக்கு அது போதவில்லை. நாரின் நகரத்தில் வாக்கப்பட்டுப் போனவர்களுக்கெல்லாம் அழுகை மறந்துவிடுகிறது என்று முணுமுணுத்தாள்.

இரட்டையரில் புருல்தான் முந்திப் பிறந்தவள். அவர்களுக்கு முன்னால் பிறந்த குழந்தைகள் ஒன்றுகூடத் தங்கவில்லை. அதனால்தான் பையனுக்குத் 'தங்கட்டும்' என்று பொருள்படும்படி துர்சுன் என்று பெயர் வைத்தார்கள். அவன் தங்கினான். பள்ளி முடித்து, ராணுவத்துக்குப் போய்வந்து, பிறகு இந்தக் கிராமத்தை விட்டு எங்கும் போகவில்லை. விடிந்ததும் தெருத் தெருவாகப் பால் சேகரிக்கும் வண்டியை ஓட்டினான். கல்யாணம் என்றால் மைக்கைப் பிடித்தான். அவனுக்கு எல்லாருடைய குரலும் வரும். தலைமையாசிரியர் குரலில் மாப்பிள்ளையைக் கண்டிப்பான். கால்நடை மருத்துவர் குரலில் மணப்பெண்ணுக்கு நாடி பார்ப்பான். யாருடைய குரலை எடுக்கிறானோ அவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள். எடுக்காமல் விட்டவர்கள், நாங்கள் என்ன குறைந்து போனோம் என்று வருத்தப்படுவதும் உண்டு.

அவன் போனதுகூட அப்படித்தான் ஆயிற்று. முந்தாநாள் காலையில் பால் வாளிகளோடு பெண்கள் தெருமுனையில் நின்றிருந்தார்கள். வண்டி வந்து நின்றது. அவன் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கின் மேல் கவிழ்ந்து கிடந்தான். ஹாரன் நிற்காமல் அலறியது. பெண்கள் சிரித்தார்கள். கூட்டுறவுப் பண்ணையின் பழைய டிரைவர் குடித்துவிட்டுத் தூங்குவதை அவன் அப்படி நடித்துக் காட்டுவது வழக்கம். ஹாரன் அடங்கவே இல்லை. அதன் பிறகுதான் ஒருத்தி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

இதை ஜிபார் சொல்லவில்லை. ஊரில் பலரும் பலவிதமாகச் சொன்னார்கள். புருல் யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை.

வெளியே சாவுக் காரியம் முழுவதையும் ஒஸ்மோன் சித்தப்பா நடத்திக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டிய மனிதர். கையிலிருந்த கோலால் அதைக் கொண்டு வா, இதை நகர்த்து என்று காட்டிக்கொண்டே இருந்தார். காலையில் அவருக்கும் இமாமுக்கும் ஒரு சின்ன உரசல். சத்தம் போட்டு அழுதால் போனவருக்குத்தான் வேதனை, பெண்களிடம் சொல்லுங்கள் என்றார் இமாம். சித்தப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கப்பனுக்கு அழுதோம். எங்கண்ணனுக்கு அழுதோம். இவனுக்கு மட்டும் வாயைத் தெச்சுக்கணுமா?"

இமாம் திரும்பிக் கூடாரத்துக்குள் போனார். பெண்களை வெளியே அனுப்பிவிட்டு, இன்னும் மூன்று பேரோடு திரைக்குப் பின்னால் போய்த் துர்சுனைக் குளிப்பாட்டினார்.

ஊருக்குத்தான் அவர் இமாம். புருலுக்கு அவன் எர்கெஷ். பள்ளியில் பத்து வருஷமும் துர்சுனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வகுப்பில் உடையாத ஜன்னல் என்று ஒன்று இருந்தால் அது எர்கெஷின் கைக்கு எட்டாதது என்று பேர். பிறகு ருஷ்யாவில் நெடுங்காலம் கட்டட வேலை பார்த்தான். திரும்பி வந்தபோது தாடியும் தொழுகையுமாக வந்தான். கல்யாணங்களில் பாட்டு கூடாது, குடி கூடாது என்று அவன் ஒரு பக்கம் சொல்ல, அதே கல்யாணத்தில் துர்சுன் மைக்கில் அவன் குரலிலேயே அதைச் சொல்லி ஜனங்களைச் சிரிக்க வைப்பான். இருவரும் பேசிக்கொள்வதில்லை என்றுதான் புருல் நினைத்திருந்தாள்.

வேலிப் பக்கத்திலிருந்து ஆண்களின் அழுகை கேட்டது. "ஐயோ என் உடன்பொறப்பே" என்று பலபேர் ஒரே மூச்சில் கத்திக்கொண்டு வந்தார்கள். கூடார வாசலில் கோல் ஊன்றி நின்றிருந்த துர்சுனின் மகன்கள் இருவரும் பதிலுக்கு அழுதார்கள்.

"உங்க வகுப்பு வந்திருக்கு" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

வகுப்புப் பெண்கள் உள்ளே வந்தார்கள். தலை நரைத்து, இடுப்பு பெருத்து, முட்டி பிடித்தபடி உட்கார்ந்தார்கள். ஆனால் வந்து புருலைக் கட்டிக்கொண்ட விதத்தில் இன்னும் பள்ளிக்கூடத்துப் பின்னல் ஆடியது. ஒவ்வொருத்தியும் அவள் காதில் ஒரு துர்சுனைச் சொல்லிவிட்டுப் போனாள். என் பையனுக்குக் காய்ச்சல் வந்தபோது பால் வண்டியிலேயே நாரினுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவன். என் வீட்டுக்காரர் செத்த வருஷம் தினமும் வேலியோரம் வண்டியை நிறுத்தி, ஏதாவது ஒரு குரலில் ஏதாவது கேட்டுவிட்டுப் போனவன். புருல் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாரிடமும் ஒரு துர்சுன் இருந்தான். தன்னிடம் என்ன இருக்கிறது என்று அவளால் கையை விட்டு எடுத்துக் காட்ட முடியவில்லை. அவன் எப்போதும் பக்கத்தில் இருந்தான், அவ்வளவுதான்.

மைராம் கடைசியாக வந்தாள். கட்டிக்கொள்ளவில்லை. எதிரே உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

"நான் அங்கதான் நின்னேன் புருல். 'போதும்டா உன் கூத்து, பால் திரிஞ்சு போகுது'ன்னு நான்தான் கத்துனேன். அவன் காதுல கடைசியா விழுந்தது அதுதான்."

புருல் அவளைப் பார்த்தாள். "கதவைத் திறந்தது யாரு?" என்றாள்.

"நான்தான்."

"சரி" என்றாள் புருல். மைராமின் கை குளிர்ந்திருந்தது. அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் எழுந்து போகும் வரை விடவில்லை.

வகுப்பைச் சாப்பிட வீட்டுக்குள் அழைத்துப் போனார்கள். வீடு கூடாரத்துக்கு எதிரேதான். குதிரைக்கறியும் பொரித்த ரொட்டியும் உள்ளே போவதும், காலித் தட்டுகள் திரும்புவதும் கேட்டது. கூடாரத்தில் கொஞ்ச நேரம் ஓய்வு. ஜிபார் முகத்தைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

ஒருவர் சிரிப்பதல்ல. அறை முழுக்கச் சிரித்தது. உடனே யாரோ அடக்கினார்கள். அடக்கியது தாங்காமல் மறுபடி வெடித்தது. கூடாரத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜிபார் கையில் தண்ணீர்க் கிண்ணத்தோடு அப்படியே இருந்தாள்.

வெளியே ஒஸ்மோன் சித்தப்பாவின் கோல் தரையில் இடித்தது. பிணத்தைப் போட்டுவிட்டுச் சிரிக்கிறார்களா, என் அண்ணன் பிள்ளை என்ன அநாதையா என்று கொதித்தார். உள்ளே போய்த் தானே விரட்டப் போவதாகக் கிளம்பியவரை இமாம் தடுத்து நிறுத்தினான். நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு அவனே போனான். கதவு திறந்து மூடியது. சிரிப்பு சட்டென்று நின்றது.

எர்கெஷின் குரல் கேட்டது. தாழ்ந்த, நிதானமான குரல். என்ன சொல்கிறான் என்று புரியவில்லை. யாரோ ஏதோ பதில் சொன்னார்கள். பிறகு மறுபடி எர்கெஷின் குரல். ஆனால் இது வேறு மாதிரி, மூக்கால் இழுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு பெருமூச்சோடு வந்தது. துர்சுன் கல்யாணங்களில் எடுக்கும் இமாமின் குரல். அதை இமாமே எடுத்துக்கொண்டிருந்தான். வீடு இடிந்துவிடும் போலச் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்புகளுக்கு நடுவே விக்கல் போல ஒன்று தனியாகக் கேட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அதைப் புருல் கேட்டதே இல்லை. எர்கெஷ் சிரித்தால் அப்படித்தான் விக்குவான்.

அவள் எழுந்தாள். பிணம் எடுக்கும் முன்னால் கூடப் பிறந்தவள் இடத்தை விட்டு எழக் கூடாது என்று யாரோ அவள் அங்கியின் ஓரத்தைப் பிடித்தார்கள். அவள் நிற்கவில்லை. கோலைப் பிடித்தபடி நின்ற சித்தப்பாவைத் தாண்டி வீட்டுக்குள் போனாள்.

அவளைக் கண்டதும் சிரித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மைராம் முகத்தைத் தலைத்துணியால் மூடிக்கொண்டாள். எர்கெஷ் எழுந்து நின்றான். கண்ணில் தண்ணீர் இருந்தது. சிரித்ததாலா, வேறெதனாலா என்று சொல்ல முடியாது.

"மன்னிச்சுடு புருல். சத்தம் போடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."

"என்ன சொல்லிச் சிரிச்சீங்க?" என்றாள் அவள். "எனக்கும் சொல்லுங்க."

யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்தாள். ஒருவன் கிண்ணத்தில் தேநீர் ஊற்றி இரண்டு கையாலும் நீட்டினான். பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். தலைமையாசிரியரின் தொலைபேசியை எடுத்து அவர் குரலிலேயே பள்ளிக்கு விடுமுறை அறிவித்தது; உண்மையான தலைமையாசிரியர் வந்து பார்த்தபோது பள்ளியில் பூனைகூட இல்லாதது. உருளைக்கிழங்கு தோண்டப் போன இடத்தில் மேஸ்திரி குரலில் மேஸ்திரியையே வேலை வாங்கியது. அவள் எல்லாவற்றிலும் கூட இருந்திருக்கிறாள். பாதி அவளுக்கு ஞாபகமே இல்லை.

கச்கின் என்பவன், இப்போது மாவு மில் வைத்திருப்பவன், துர்சுன் பேசுவது மாதிரியே பேசிக்காட்டுகிறேன் என்று தொடங்கினான். இரண்டு வார்த்தை வந்தது. அது துர்சுன் இல்லை. இன்னொருவன் முயன்றான். அதுவும் இல்லை. துர்சுன் எல்லாருடைய குரலையும் எடுத்துவைத்திருந்தான்; அவன் குரலை எடுத்துவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. கச்கின் ரொட்டித் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டே தலை குனிந்துகொண்டான்.

"ஒரே ஒருத்தர் குரலை மட்டும் அவன் எடுக்கவே மாட்டான்" என்றான் எர்கெஷ். "உங்கம்மா குரலை."

புருல் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அம்மா செத்தபோது அவர்கள் நான்காம் வகுப்பு. அந்தக் குளிர்காலத்தைப் பற்றி அவளுக்கு நினைவிருப்பதெல்லாம் துர்சுன் மேல் இருந்த வெறுப்புதான். அம்மா போன மாதமே வகுப்பில் கோமாளித்தனம் பண்ண ஆரம்பித்தவன். வாத்தியார் மாதிரி நடப்பான், ஆடு மாதிரி கத்துவான், அடி வாங்குவான், மறுநாளும் செய்வான். இவனுக்கு அம்மா என்று ஒருத்தி இருந்தாளா இல்லையா என்று அவள் அன்று நினைத்திருக்கிறாள்.

அதைத்தான் அவள் சொன்னாள். எர்கெஷ் அவளையே பார்த்தான்.

"நீ அந்தக் குளிர்காலம் பூரா பேசவே இல்ல, தெரியுமா?"

"யாரு, நானா?"

"ஒரு வார்த்தை பேசல. வாத்தியார் கேட்டாலும் இல்ல, வீட்டுலயும் இல்லைன்னு துர்சுன் சொன்னான். நீ ஊமையாப் போயிட்டேன்னு ஊரே பேசிச்சு. இவன் எங்கிட்ட வந்து, 'டேய், அவ சிரிச்சா சரியாப் போயிடும்டா, நீயும் கூட இரு'ன்னான். அதுக்குத்தான் அந்தக் கூத்தெல்லாம். வாத்தியார் குரல், ஆட்டுக் குரல், எல்லாம் உனக்குத்தான். நீ திரும்பிக்கூடப் பாக்கல."

மைராம் தலைத்துணியை விலக்கிவிட்டு, ஆமாம் என்று தலையசைத்தாள். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. புருலுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்கள்.

"ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வர வழியில, வாய்க்கால் பாலத்துக்கிட்ட, உங்கம்மா குரலை எடுத்தான். உங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு, 'கால் நனைஞ்சிருக்கா, கிட்ட வாங்க'ன்னு. நான் பின்னாடி வந்துக்கிட்டிருந்தேன். எனக்கே சிலிர்த்துப் போச்சு. நீ பாஞ்சு போய் அவன் கையைக் கடிச்சே."

கடித்தது ஞாபகம் இருந்தது. உப்புக் கரிக்கும் ரத்தம்கூட ஞாபகம் இருந்தது.

"கடிச்சுட்டுக் கத்துனே. 'இனிமே இப்படிப் பேசுனா கொன்னுடுவேன்'னு. அவன் ரத்தம் சொட்டச் சொட்ட எங்கிட்ட ஓடி வந்தான். மூஞ்சியெல்லாம் சிரிப்பு. 'பேசிட்டாடா'ன்னான். 'எர்கெஷ், பேசிட்டாடா'ன்னான்."

அவன் தாடியைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"இன்னிக்குக் கழுவும்போது பாத்தேன். அந்தத் தழும்பு இன்னும் இருக்கு."

"எந்தக் கை?" என்றாள் புருல்.

"இடது."

அவள் தலையாட்டினாள். தேநீர் ஆறிப்போயிருந்தது. ஆனாலும் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பைத் தேடுகிறபோது சித்தப்பா வழியை மறித்து நின்றார். கேட்க நினைத்ததை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. கோலை மாற்றிப் பிடித்து வழி விட்டார்.

மதியத்துக்குப் பிறகு துர்சுனை வெளியே கொண்டுவந்தார்கள். ஆண்கள் முற்றத்திலும் தெருவிலும் வரிசை கட்டி நின்றார்கள். பெண்கள் கூடார வாசலிலேயே நின்றார்கள். தொழுகை முடிந்ததும் எர்கெஷ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டான்.

"ஜனங்களே, இவர் எப்படிப்பட்ட மனுஷர்?"

"நல்ல மனுஷர்" என்றது கூட்டம்.

மறுபடி கேட்டான். மறுபடி சொன்னார்கள். மூன்றாவது முறை கேட்க வாயெடுத்தவன் கேட்கவில்லை. எங்கோ ஒரு குதிரை கனைத்தது. அவன் கேள்வி இல்லாமலே, "நல்ல மனுஷன்" என்று தனக்குள் சொல்வதுபோல் சொல்லிக் குனிந்து பாடையின் முன்பிடியில் கை வைத்தான்.

பாடை கிளம்பியது. ஜிபார் உரக்க அழுதாள். பெண்கள் எல்லோரும் இடுப்பில் கை வைத்து நின்று அழுதார்கள். வேலி வாசலை அது தாண்டும் நேரத்தில் புருலுக்கும் குரல் வந்தது. ஒப்பாரி இல்லை. பருந்து இல்லை, குதிரை இல்லை.

"துர்சுன்! தொப்பியைப் போட்டுக்க மாட்டியா? காத்து இந்த அடி அடிக்குது. கால் நனைஞ்சிருக்கும் உனக்கு. எங்க போறே, கிட்ட வா, பாக்கறேன்..."

அதட்டலும் கொஞ்சலுமாக அது நீண்டுகொண்டே போனது. கிழவிகள் சிலர் அழுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பாடைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த ஒஸ்மோன் சித்தப்பா, என்றோ கேட்டுப் பழகிய குரல் தன்னைக் கூப்பிட்டதுபோல் நின்று, திரும்பி, கூட்டத்தில் யாரையோ தேடினார். எர்கெஷ் திரும்பவில்லை. சத்தம் போடாதே என்று கையைக் காட்டவும் இல்லை. நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தான். மற்றவர்களும் குறைத்தார்கள். அவள் குரல் ஓயும் வரை பாடை தெருவில் மெல்லத்தான் போனது.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பும்போது பனி விழத் தொடங்கியிருந்தது. வழக்கப்படி கூடாரத்தை உடனே பிரித்தார்கள். கம்பளிகளைச் சுருட்டி, மரக்கழிகளைக் கட்டி, வண்டியில் ஏற்றினார்கள். அது நின்ற இடத்தில் மண் வட்டமாக, காய்ந்து, மிதிபட்ட புல்லோடு கிடந்தது. சுற்றிலும் முற்றம் வெளுத்துக்கொண்டிருந்தது.

வகுப்பில் வெளியூரிலிருந்து வந்தவர்கள் கிளம்பினார்கள். மைராம் எல்லோரையும் வேனில் ஏற்றிவிட்டுக் கடைசியாகத் தன் வீட்டுக்கு நடந்தாள். பாத்திரம் கழுவப் போகிறவர்களும் விடைபெற்றுப் போகிறவர்களுமாக முற்றத்தில் ஆள் நடமாட்டம் ஓயவில்லை. யாரும் அந்த வட்டத்தின் குறுக்கே நடக்கவில்லை. நேரே போனால் பத்து அடிதான். ஆனாலும் கூடாரச் சுவர் இன்னும் அங்கே நிற்பதுபோல் ஒவ்வொருவரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்குள் ஜிபார் தேநீர் கேட்டாள். புருல் முற்றத்துச் சமையல் கொட்டகையிலிருந்து கொதிக்கும் கெண்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். கைப்பிடி சுட்டது. கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அவளும் சுற்றிக்கொண்டே போனாள்.